பட்டை இல்லாத நாள்

இறால் உரிக்கும் கூடத்தில் அன்று செலின் கையில் மட்டும் பட்டை இல்லை. பழுது பார்க்கப் போயிருந்தது. பதற்றம் எழும்போதே தணித்துவிடும் அந்தப் பட்டையைக் கட்டாமல் யாரும் வேலைக்கு வருவதில்லை.

ஐஸ் அறைப் பக்கமிருந்து அமோனியா நெடி மூக்கில் ஏறியது. செலின் கையிலிருந்த இறாலைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாயு கசியுது, எல்லாரும் வெளிய வாங்க," என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கண்ணில் நீர் வழிய வழிய, பட்டை கட்டிய மற்ற ஆறு பெண்களும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சியக்கா நிமிர்ந்து சிரித்தாள்.

"ஏளா, ஒனக்குப் பட்டை இல்லல்லா, அதான் பயப்படுத. மூச்ச நல்லா இழுத்து விடு, சரியாயிரும்."

செலின் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை.

"இந்தா, இப்படி."

செலினுக்குக் காட்டுவதற்காக ஆறு பேரும் கண்ணை மூடி, நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார்கள்.