தனித் தட்டு

முனியம்மாள் செம்பியனின் தட்டை மட்டும் தனியாகக் கழுவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைப்பதை முதலில் கவனித்தது லாரன்ஸ்தான்.

"இன்னா மச்சி, உன் தட்டுக்கு மட்டும் தனி மரியாதை?"

செம்பியன் சிரித்து வைத்தான். உடனே பேச்சை மாற்றினான்.

மேற்கு மாம்பலத்தில் அந்தச் சின்ன வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முனியம்மாள் காலையில் வந்து சமைத்து, பெருக்கி, பாத்திரம் கழுவிவிட்டுப் போவாள். கொரோனா இரண்டாவது முறையாக ஏறத் தொடங்கியிருந்த ஏப்ரல் மாதம் அது.

செம்பியனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். லாரன்ஸுக்குத் தெரியாது. ஊரில் அம்மாவுக்கே தெரியாது.

மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவான். குலுங்கினால் சத்தம் வருமென்று உள்ளே பஞ்சு அடைப்பான். காலி டப்பாவை ஸ்டேஷன் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போய்ப் போடுவான். போன வாரம் அங்கிருந்த கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, வீட்டுக் குப்பையிலேயே போட்டுவிட்டான்.

மறுநாளிலிருந்துதான் இந்தத் தனித் தட்டு.

அதோடு நிற்கவில்லை. முனியம்மாள் இரண்டு மாஸ்க் போட ஆரம்பித்தாள். அவன் அறைக்குள் காலே வைப்பதில்லை. துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு, அவனையே பெருக்கிக்கொள்ளச் சொன்னாள். டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

எப்போது வாயைத் திறப்பாளோ என்று செம்பியன் தினமும் செத்துப் பிழைத்தான். விஷயம் தெரிந்தால் லாரன்ஸ் இருக்கவிட மாட்டான். இந்த நேரத்தில் வேறு யார் வீடு கொடுப்பார்கள்? சாப்பாட்டைக்கூட அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டே சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லாரன்ஸ் விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டான். இருவரையும் கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டான்.

"அக்கா, இவனுக்கு இன்னா? நேரா சொல்லு. நானும் இதே வீட்லதான் கீறேன்."

செம்பியன் முனியம்மாளையே பார்த்தான்.

முனியம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள்.

"தம்பி பழனிக்கு வேண்டிக்கினு ஒரு மண்டலம் விரதம் கீது. உன் கறி ஏனத்தோட சேக்காதன்னு சொல்லிச்சு. கறி ஆக்குன கையோட அது ரூமுக்குள்ள நான் எப்படிப் போவேன்?"

லாரன்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "விரதமா? அதான் கதவ சாத்திக்கினு துன்றியா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா." சந்தேகம் தீர்ந்தவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

குளியலறைக் கதவு மூடும்வரை செம்பியன் காத்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, டப்பாவப் பாத்துட்டீங்களா?"

"பாத்தேன். லேபிளக் கிழிச்சா தெரியாதா? என் பொண்ணும் அதே மாத்திரதான் சாப்புடுது. ஏழு வருசமா."

அவனுக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. அப்படியென்றால் எல்லாம் தெரிந்தவள்தானே.

"அப்புறம் ஏன்க்கா இப்படி ஒதுக்குறீங்க? தட்டுல, தொடறதுலல்லாம் இது ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

அவன் ஓரடி முன்னால் வைத்தான். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்து, மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பெரும்பாக்கத்துலேந்து ரெண்டு பஸ்ஸு மாறி, அம்மாம் ஜனத்தோட இடிச்சிக்கினு வரேன். எவன் எச்சில் எதுல கீதோ. வூட்டுக்குப் போனா குளிக்காம என் பொண்ணுகிட்டயே போவ மாட்டேன் தம்பி. உன்கிட்ட எப்படி வருவேன்?"