கண் நனையாத ஊர்

புருஷன் இறந்தபின் டாக்டர் கொடுத்த மாத்திரையில் பிரேமலதாவுக்குத் தூக்கம் வந்தது, சோறும் இறங்கியது. அழுகை மட்டும் வரவில்லை, பாவம். அவருக்காக ஒருமுறை அழுதுவிட்டால் போதும் என்று ஏங்கினாள்.

“எந்தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடுதாளா பாருங்க! விருந்தாளி மாதிரில்லா உக்காந்திருக்கா,” என்று துட்டி கேட்க வந்தவர்களிடம் புருஷனின் அக்கா, மதினி இசக்கியம்மா பொரிந்தாள்.

பதினாறாம் நாள், இறந்தவரின் துணிமணியைத் தாமிரபரணியில் விடுவது அவர்கள் வழக்கம். வேட்டி சட்டையோடு பிரேமலதா தன் மாத்திரைகளையும் உதிர்த்துவிட்டாள்.

“இதையும் கொண்டு போயிரு, தாயே.”

படித்துறைக்குக் கீழேதான் ஊருக்கெல்லாம் குடிதண்ணீர் எடுக்கும் உறைகிணறு இருந்தது. அவள் வீட்டில் மட்டும் சொந்தக் கிணறு.

கொஞ்ச நாளில், வெண்டைக்காய் நறுக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆசை தீர அழுதாள்.

ஆடியில் இசக்கியம்மாவின் புருஷன் இறந்தார். பெண்கள் தலைவிரித்துத் தோள் சேர்த்து ஒப்பாரி வைத்தார்கள். ராகம் நன்றாகவே வந்தது. ஒருத்திக்கும் கண் நனையவில்லை. இசக்கியம்மா, வெயிலைப் பார்ப்பதுபோல் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேமலதா அழுதுகொண்டே உள்ளே வந்தாள்.

“இங்கன வா, பிள்ளே,” என்றாள் இசக்கியம்மா. பிரேமலதாவின் கன்னத்து ஈரத்தை விரலால் பைய வழித்துத் தன் இமைகளில் தடவிக்கொண்டாள்.

மற்ற பெண்களும் எழுந்து, ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள்.