மூணாவது ஆள்

காலையில் பிடித்த விக்கல் கணவனை விடுவதாக இல்லை. சர்க்கரையை அள்ளி வாயில் போட்டான்.

"அதுக்கு ஆதாரம் இல்லங்க," என்றாள் மனைவி. எந்த வைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்று உலகத்து ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சல்லடை போடுவதுதான் அவள் வேலை.

மூச்சைப் பிடித்தான்.

"ஒரே ஒரு ஆய்வு. அதுவும் ஓட்டை."

"அப்ப யாராச்சும்... விக்... பயமுறுத்துங்க!"

"அதுக்கு ஆய்வே கிடையாது," என்றவள் லேப்டாப்பை மூடினாள். "ஏங்க, நீங்க அப்பா ஆகப் போறீங்க."

விக்கல் டக்கென்று நின்றது. அவன் துள்ளிக் குதித்தான்.

"பார்த்தியா! பயமுறுத்தினதும் நின்னுடுச்சு! இதை எழுதிக்கோ!"

"யாருங்க பயமுறுத்தினா? நிஜமாத்தான் சொல்றேன்."

அவன் தொப்பென்று சோபாவில் விழுந்தான். "எ... எப்படித் தெரியும்?"

"எங்க ஆபீஸ் முறைதான். எதையும் ரெண்டு பேர் தனித்தனியா பார்க்கணும். டெஸ்ட்டை நான் பார்த்தேன், அத்தையும் பார்த்தாங்க. ஒரே முடிவு."

"அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா? என்னை ஏன் கூப்பிடல?"

"ரெண்டு பேருக்கும் தகராறு வந்தாத்தாங்க மூணாவது ஆளைக் கூப்பிடுவோம். தகராறே வரலையே!"

"விக்!" என்றார் வருங்கால அப்பா.