கன்னம் பதியும் இடம்

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கியை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடிக்கிறார். குறிபார்க்கும்போது கன்னம் பதியும் இடத்தில், மரக்கட்டைக்குள் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நாற்பத்தொன்று என்று எண்ணுகிறேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினால் நாற்பத்திரண்டு. "தந்தம். அப்பாவே உக்காந்து பதிச்சாரு," என்கிறாள் அக்கா. துப்பாக்கிக்குப் பாலிஷ் போட்டு, கூடத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்ட வேண்டும் அவளுக்கு. பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு புள்ளியின் ஓரத்தை ஊசியால் சுரண்டுகிறார். பழுப்புப் பசை பிசுபிசுவென்று ஊசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கெட்டுப்போன கொழுப்பின் வாடை. "தந்தம் இல்லம்மா, பல்லு. மான்குட்டிங்களோட பால்பல்லு. தேய்மானமே இல்ல பாருங்க, புல்லக்கூடச் சரியா கடிச்சிருக்காதுங்க." "சும்மா இருங்க. அப்பா குட்டிய சுடவே மாட்டாரு, ஊருக்கே தெரியும்." "ஊரு என்ன, சுட்டதோட வாயத் தொறந்து பாத்துச்சா?" அவர் கண்ணாடியை நீட்டுகிறார். அக்கா குனிந்து வெகுநேரம் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். கன்னத்தில் உறுத்தாதபடி ஒவ்வொரு பல்லையும் மரத்தோடு மட்டமாக அராவியிருக்கிறது அப்பாவின் கை. எத்தனை பொறுமை. "பாலிஷ் போடட்டுமா?" அக்கா விரல்களைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். "எல்லாத்தையும் புடுங்கிடுங்க." "குழி தெரியுமேம்மா." "தெரியட்டும். குழியோடயே மாட்டிக்கிறேன்."