நாற்பத்து மூன்றாவது வீடு

"அழாத கண்ணு. நான் கூட இருக்கேன்ல" என்றாள் டார்லா. காலையிலிருந்து ஷெல்பியின் கையை அவள் விடவே இல்லை.

ஃப்ளோரிடா மாநிலத்து செனட்டர் ஒருவரின் வாஷிங்டன் அலுவலகத்தில் இருவரும் காத்திருந்தார்கள். இரண்டு பேருமே ராணுவக்காரர்களின் மனைவிகள். தலைநகரத்து ஆற்றோரக் குடியிருப்பில் எதிரெதிர் வீடு. கணவர்களும் குவைத்தில் ஒரே முகாமில் இருந்தார்கள்.

ஷெல்பியின் ஆறு மாதக் குழந்தை ஜூனுக்கு வியாழக்கிழமை இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்பா கார்வின் மகளை இதுவரை செல்போனில்தான் பார்த்திருக்கிறான். முகாமில் லீவு கேட்டான், இல்லை என்றுவிட்டார்கள். ஒரு செனட்டர் கடிதம் எழுதினால் மட்டும் ராணுவம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும் என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

உதவியாளர் ஹோல்டன் உள்ளே கூப்பிட்டார். பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டியவர், தலையைச் சொறிந்தார்.

"மேடம், நீங்களும் உங்க வீட்டுக்காரரும் இப்ப எங்க மாநிலம் இல்லையே. மார்ச்ல உங்க ஓட்டு ரெண்டையும் தலைநகரத்துக்கு மாத்திட்டீங்களே."

"ஆமாங்க. அங்கதான குடியிருக்கோம்."

"எங்க மாநிலத்து ஆளுங்களுக்குத்தான் இங்கேருந்து கடிதம் போகும். நான் நெனச்சாலும் முடியாதுங்க."

"தலைநகரம் எந்த மாநிலத்துலயும் சேராது, அதுக்குத்தான் செனட்டரே கிடையாதே. நான் யார்கிட்ட போய் நிக்கறது?"

"கீழ்ச்சபைல உங்களுக்கு ஒரு பிரதிநிதி இருக்காங்களே."

"நேத்தே போனேன். சபைல பேசலாமாம், சட்டத்துக்கு ஓட்டுப் போட முடியாதாம். மனு அனுப்பறோம், ஆனா செனட்டர் கடிதம் மாதிரி வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

ராணுவக்காரரும் அவர் மனைவியும் எந்த ஊரில் இருந்தாலும் ஓட்டைச் சொந்த மாநிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். வண்டியின் நம்பர் பலகையும் அந்த மாநிலத்துடையதாகவே இருக்கும். குடியிருப்பில் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்தால் நாடே வந்து நிற்கும்.

ஷெல்பியும் அப்படித்தான் இருந்தாள், டார்லா வந்து கதவைத் தட்டும் வரை. கையில் ஆப்பிள் கேக், கக்கத்தில் ஓட்டு மாற்றும் படிவக் கட்டு.

"வீடு இங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க, ஓட்டு மட்டும் எங்கயோவா? நாம ஒண்ணா நின்னாத்தான் இந்த ஊருக்கும் ஒரு நாள் செனட்டர் வருவாங்க" என்றாள் அன்று. "மொதப் படிவம் என்னோடதுதான்." கையெழுத்துப் போட்டதில் ஷெல்பியின் வீடு நாற்பத்து மூன்றாவது. கார்வினின் படிவம்கூட குவைத் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. பத்திரிகைக்காரர்கள் டார்லாவைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

இன்று காலைகூட டார்லாவின் வண்டியில்தான் வந்தார்கள். பின்னால் ஆரஞ்சுப் பழம் போட்ட ஃப்ளோரிடாப் பலகை அப்படியே இருந்தது.

"இன்னும் மாத்தலையாக்கா?" என்று ஷெல்பி கேட்டாள்.

"ஊரு வேலைக்கு அலையறதுல என் வண்டியப் பாக்க எனக்கு எங்க நேரம்?" என்று டார்லா சிரித்தாள்.

அந்த டார்லா இப்போது மேஜையைத் தட்டி எழுந்து நின்றாள். "புருஷன சண்டைக்கு அனுப்பும்போது மட்டும் நாங்க இந்த நாட்டு ஜனமா? குழந்தை சாகக் கெடக்குது, இவ ஓட்டு எங்க இருக்குன்னா பாப்பீங்க? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா தம்பி?"

ஹோல்டன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு பேசாமல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திரும்ப ஃப்ளோரிடாவுக்கே மாத்திக்கறேங்க. இப்பவே எழுதித் தர்றேன்" என்றாள் ஷெல்பி.

"அங்க திரும்பக் குடியிருக்கப் போனாத்தான் மாத்த முடியும் மேடம். வியாழக்கிழமைக்குள்ள ஆகற காரியம் இல்ல."

ஷெல்பி முகத்தைப் பொத்திக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. டார்லா அவளை அணைத்து, கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ போய் வண்டில உக்காரு கண்ணு. நான் இவர்கிட்ட தனியாப் பேசிட்டு வர்றேன்."

"நீங்க இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்" என்றாள் ஷெல்பி. வாசலில் ஒருமுறை திரும்பி நம்பிக்கையோடு பார்த்துவிட்டுப் போனாள்.

கதவு மூடியது. டார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"நம்ம விஷயம் என்னாச்சு தம்பி?"

ஹோல்டன் இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "செனட்டர் எழுதின கடிதத்துக்குப் பதில் வந்தாச்சு மேடம். உங்க பொண்ணோட பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டுக்காரர் வந்துருவார். ஆனா அந்த முகாம்லேருந்து இந்த மாசம் ஒருத்தருக்குத்தான் லீவாம்."

"அது போதும்."

"ரெக்கார்டுக்காகக் கேக்கறேன். நீங்க இன்னும் ஃப்ளோரிடா ஓட்டுதானே?"

டார்லா உறையை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"பின்ன, மாத்திக்கறதுக்கு நான் என்ன மடச்சியா?"