ஐந்து எண்ணும்வரை

இறால் கம்பெனிக்குள் போகிறவர்கள் இருட்டறையில் வரிசையாக நின்று, கண்ணாடி மிட்டாயை வாயில் போட்டு மேஸ்திரி கொம்பையாவிடம் காட்ட வேண்டும். டார்ச் அடித்து அணைத்தபின் அது ஐந்து எண்ணும்வரை மினுங்கினால் வேலை. காய்ச்சல்காரர் வாய்ச்சூட்டில் உடனே இருண்டுவிடும். ஓசி மிட்டாயைக் கொம்பையாவும் ஓயாமல் சப்புவார்.

காய்ச்சலை மறைக்க ஐஸ்கட்டியைக் கடித்துவிட்டு வந்தாள் ஜெசிந்தா. சில்லிட்ட வாயில் பாழாய்ப்போன மிட்டாய் ஒன்பது எண்ணியும் அணையவில்லை.

"ஐஸத் தின்னுட்டு வந்து யார ஏமாத்தப் பாக்க? ஏட்டி, வெளிய போ!" டார்ச்சை மறுபடி போட்டுக் கத்தினார் கொம்பையா. வெளிச்சம் அவர் வாய்க்குள்ளும் விழுந்தது. டார்ச் அணைந்தது, அவர் மிட்டாயும் அதோடு சேர்ந்தே அணைந்தது.



"எனக்கு மூணு நாளாக் காய்ச்சல்," என்றாள் ஜெசிந்தா. "ஒமக்கு எத்தன நாளா?"