தங்கிவிட்டவன்

மகளுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்த செண்பகவல்லியின் ரத்தத்தில் ஆணின் மரபணுவும் இருப்பதாக டாக்டர் சொன்னார். “பயப்படாதீங்கம்மா. பையனைச் சுமந்திருந்தா அவனோட செல் கொஞ்சம் அம்மா உடம்புலயே தங்கிடும், கடைசி வரைக்கும்கூட.” கணவர் நமச்சிவாயம் சிரித்தார். “எங்களுக்கு ஒரே பொண்ணுதான் சார். எவன் ரத்தத்தையோ மாத்திப் பாத்திருக்காங்க. இன்னொருக்கா எடுங்க.” கல்யாணத்துக்கு முன்பு, செண்பகவல்லிக்குப் பத்தொன்பது வயதில், ஏழாம் மாதமே இறந்து பிறந்தவனை முகம்கூடக் காட்டாமல் அவளுடைய அம்மா துணியில் சுற்றி எடுத்துப்போனாள். முப்பத்தோரு வருடங்களாக அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அறிக்கையின் குறுக்கே கோடு போட டாக்டர் பேனாவை எடுத்தார். செண்பகவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோடு போடாதீங்க சார். ரத்தம் மாறல.”